சொல்லாமல் விட்ட பாதி

அத்தியாயம் பதினேழு

அண்ணன் தம்பியைக் கைநீட்டி அறைந்து ஐந்து மாதம் ஆகிறது. அறை வாங்கிய கன்னம் மறுநாளே சரியாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேலையாட்கள்தான் இன்னும் சரியாகவில்லை. இருவரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் போதும், பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராகிவிடுகிறார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மேஸ்திரி. தம்பி பிளம்பர். இருவருக்கும் நடுவில் பிறந்தவள் வாடிக்கையாளர்களிடம் பேசுகிறவள், சாமான்களுக்குச் சொல்கிறவள், இன்று யார் எந்த அறையில் என்று ஏற்பாடு செய்கிறவள். பழைய கட்டடங்களை வாங்கியவர்களுக்கு அதைப் புதிதாக்கித் தருவது மூவரும் சேர்ந்து நடத்தும் தொழில். அண்ணன் அழகாக ஓடு பதித்து முடித்த ஒரு சுவரை, உள்ளே குழாய் கசிகிறது என்று தம்பி, வீட்டுக்காரர் கண்முன்னாலேயே உடைத்தான். அண்ணன் அறைந்தார். கசிந்தது உண்மையா, அறைந்தது நியாயமா என்பதற்குள் நாம் மறுபடி போக வேண்டாம். போய்ப் போய்க் கால் வலித்துவிட்டது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே கூடத்தில் பத்தடி இடைவெளியில் வேலை செய்கிறார்கள், ஆனால் அண்ணனுக்குத் தம்பியிடம் சுத்தியல் வேண்டுமென்றால்கூட நடுவில் பிறந்தவளைக் கூப்பிட்டுத்தான் சொல்வார். வேலையாட்கள் அவளுக்குத் 'தபாலக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

முன்பெல்லாம் இப்படியா? காலையில் வேலை தொடங்கும்முன் மூவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பார்கள். உட்கார மாட்டார்கள். இன்று நான் இதைச் செய்கிறேன், எனக்கு இது தடையாக இருக்கிறது, நீ அதைத் தொடாதே என்று ஆளுக்கு நாலு வாக்கியம். டீ தீர்ந்ததும் பேச்சும் தீரும். இடையில் ஏதாவது மாறினால், "டேய், கொஞ்சம் நிறுத்து" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அந்த டீ நேரம்தான் தொழிலைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

மாறாத வேலையாக இருந்தால் பேசாமலேயே ஒப்பேற்றிவிடலாம். இவர்கள் கெட்ட நேரம், கையில் இருப்பது மாறிக்கொண்டே இருக்கும் வேலை. பழைய துணிக்கிடங்கு ஒன்றை டயாலிசிஸ் நிலையமாக மாற்றித் தர வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்கள் மணிக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்து கிடக்க, பக்கத்தில் மிஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஒவ்வொரு மிஷினுக்கும் நல்ல தண்ணீர் வர வேண்டும், கழிவுத் தண்ணீர் போக வேண்டும். எந்த மிஷின் வரப்போகிறது என்பது நிலையத்தை நடத்தப்போகும் டாக்டரம்மாவுக்கே முழுசாகத் தெரியாது. மிஷின் கம்பெனி ஒன்றைச் சொல்லும், இடம் ஒன்றைச் சொல்லும், நோயாளிகள் ஒன்றைச் சொல்வார்கள். பாவம், அவர் மீது குற்றமில்லை.

போன வாரம் மாடிப்படியில் வைத்துத் தபாலக்காவிடம் அண்ணி சொன்னது நினைவிருக்கும். "இந்த வேலை முடியட்டும், அப்புறம் அவங்கவங்க வழியைப் பார்த்துக்கலாம்னு உங்கண்ணன் முடிவு பண்ணிட்டார்." அண்ணன் குடும்பம் மாடியில்; தம்பி தான் இருக்கும் கீழ்வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். தபாலக்காவும் கீழ்வீட்டில்தான் இருக்கிறாள், கல்யாணம் முறிந்து பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து. பிரிந்தால் அவள் யாரோடு போவாள் என்று அண்ணி கேட்கவில்லை. அண்ணன் தம்பி இருவருமே இதுவரை "நீ என்னோட வந்துடு" என்று சொல்லவில்லை.

அவளுக்கு இருப்பது ஒரே வழி. இந்த வேலையைச் சண்டை இல்லாமல் முடித்துவிட வேண்டும். முடிந்து திறப்பு நாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் பிரிகிற பேச்சு தானாகவே அடங்கிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதற்காக ஐந்து மாதமாக அவள் செய்துவரும் காரியம் ஒன்று உண்டு. அது இன்றைக்கு வெளியே வந்தது.

காலையில் வாசலிலேயே போன் அடித்தது.

"ஏங்க, ஒரு சின்ன மாற்றம்," என்றார் டாக்டரம்மா.

சின்ன மாற்றம் என்று அவர் சொன்னது எதுவும் இதுவரை சின்னதாக இருந்ததில்லை.

"சொல்லுங்க டாக்டர்."

"நாற்காலியெல்லாம் பின்சுவர் ஓரமா போட்டிருக்கோம் இல்ல? எங்க பேஷன்ட்ஸ் சொல்றாங்க, நாலு மணி நேரம் சுவரையே பார்த்துக்கிட்டு கிடக்க முடியாதுன்னு. ஜன்னல் பக்கம் போட்டா தெருவையாவது பார்ப்பாங்க. நியாயம்தானே? மிஷின்காரர்கிட்டயும் கேட்டிருக்கேன், அவர் இன்னும் பதில் சொல்லலை. நீங்க ஜன்னல் பக்கம்னே வெச்சுக்குங்க."

"இன்னிக்கு தரைக்கு சிமெண்ட் தளம் போடறதா இருக்கோம் டாக்டர்."

"அதனாலதான் காலையிலேயே கூப்பிட்டேன்."

கூடத்துக்குள் போனாள். ஜன்னல் பக்கம் அண்ணன் மட்டக்கட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கலவை மிஷின் வாசலில் நின்றது, ஆட்கள் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவர் ஓரத்தில் தம்பி குந்தி உட்கார்ந்து, தான் போட்டு முடித்த குழாய்களின் வாயைத் துணி வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் கட்டடத்தின் பெரிய கழிவுக்குழாய் இறங்குகிறது.

முதலில் தம்பியிடம் போனாள். குழாய் விஷயம் என்றால் குழாய்க்காரனிடம்தானே போக வேண்டும்.

தம்பி கேட்டுவிட்டுத் துணியை வீசியெறிந்தான்.

"அப்போ நான் போட்டதெல்லாம் தண்டமா? சரி, போகட்டும். இன்னிக்கு தளமா போடறார்? அக்கா, அந்த மரமண்டைக்குப் புரியற மாதிரி சொல்லு. நாற்காலி ஜன்னல் பக்கம் போனா கழிவுத் தண்ணி என்ன, ஜன்னல் வழியா பறந்தா போகும்? ஹாலுக்குக் குறுக்கே தரைக்கு அடியில வந்து இந்தச் சுவருக்குள்ளதான் இறங்கணும். அந்தக் குழாய் நான் போட்டு முடிக்கற வரைக்கும் இங்க ஒரு சட்டி கலவை விழக்கூடாது. விழுந்தா, அன்னிக்கு சுவரை உடைச்ச அதே கையால தரையையும் உடைப்பேன். அப்படியே சொல்லு. சர்க்கரை தடவாதே."

"மெதுவா பேசேண்டா. கேக்கப் போகுது."

"கேக்கட்டும்னுதான் பேசறேன்."

கேட்கவில்லை. வாசலில் கலவை மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. தம்பி குழாய்க்கடைக்குப் போக பைக் சாவியை எடுத்துக்கொண்டு பின்வழியாக வெளியேறினான்.

அவள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். இந்த நடையில்தான் அவளுடைய வேலை நடக்கும். மரமண்டை என்பதை முதல் எட்டிலேயே எடுத்துப் போட்டாள். தரையை உடைப்பேன் என்பதைச் சொன்னால் இங்கேயே கைகலப்பு, அதையும் எடுத்தாள். ஜன்னல் வழியாகப் பறக்குமா என்ற கேலியை எடுத்தாள். குறுக்கே வரும் குழாய் அந்தக் கேலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் கூடவே பிய்ந்து வந்துவிட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. கசப்பை எடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, டாக்டரம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் மாத்தறாங்க. தம்பிக்கு அங்க கொஞ்சம் குழாய் வேலை இருக்காம். மத்தபடி அண்ணன் பார்த்து எப்படிச் செஞ்சாலும் சரின்னு சொன்னான்."

அண்ணன் மட்டக்கட்டையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எப்படிச் செஞ்சாலும் சரியா? அவனா சொன்னான்?"

"அவன்தான்."

"இப்பதான் புத்தி வருது போல." சொல்லும்போதே முகம் கொஞ்சம் இளகியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டார். "ஆள் வந்தாச்சு, கலவை மிஷின் வந்தாச்சு, திருப்பி அனுப்ப முடியாது. ஜன்னலோரமா நாலடி விட்டுட்டு மிச்ச தளத்தைப் போடறேன்னு சொல்லு. அந்த நாலடியில அவன் என்ன வேணா தோண்டிக்கட்டும். வேற ஏதாவது தடை இருந்தா துரை மத்தியானத்துக்குள்ள வந்து வாயைத் திறந்து சொல்லட்டும். எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து குய்யோ முறையோன்னு கத்தினா, இன்னொரு கன்னம் பாக்கி இருக்குன்னு சொல்லு."

அவள் வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ரோட்டோரம் பைக்கை நிறுத்தி எடுத்தான், பின்னால் லாரிகள் இரைந்தன.

"என்ன சொல்றார் உங்கண்ணன்?"

இன்னொரு கன்னம் பாக்கி இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? அதை எடுத்தாள். துரை என்ற கிண்டலை எடுத்தாள். மத்தியானத்துக்குள் என்பது அதட்டலாக இருந்தது, அதையும் எடுத்தாள்.

"நீ சொன்னதைக் கேட்டுக்கிட்டாருடா. சரின்னுட்டார். உனக்காக இடம் விட்டு வைக்கறாராம். அவசரப்படாம நிதானமா வாங்கிட்டு வரச் சொன்னார்."



"உனக்காகன்னா சொன்னார்?"

"ஆமாண்டா."

"சரி. அப்போ ரெண்டு கடை பார்த்து நல்லதா வாங்கிட்டு வரேன். பக்கத்துக் கடையில இருக்கறது மட்டமான சரக்கு."

போனை வைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. இன்றைய கண்டத்தையும் தாண்டியாகிவிட்டது என்று நினைத்தாள். ஐந்து மாதமாக இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் 'சோம்பேறி' என்றால் 'களைச்சிருக்கான் போலன்னார்' என்பாள். தம்பி 'கிழம்' என்றால் 'அண்ணன் உடம்பைப் பார்த்துக்கட்டும்னான்' என்பாள். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்டால் திருப்பி உங்களைக் கேட்பாள். வீட்டில் ஒருத்தராவது நல்லதைச் சொல்ல வேண்டாமா?

தளம் போடும் வேலை அன்றைக்குச் சொன்னபடி கேட்டது. கலவை தண்ணீர் கூடாமல் குறையாமல் வந்தது. ஆட்கள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொட்ட, அண்ணன் முழங்காலில் நின்று பின்சுவரிலிருந்து ஜன்னலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே மட்டப்பலகையால் இழுத்து வந்தார். ஆஸ்பத்திரித் தரை என்பதால் கூடுதல் கவனம். தண்ணீர் கொட்டினால் தேங்கக் கூடாது, சக்கர நாற்காலி ஓடினால் தடுக்கக் கூடாது. தம்பி போட்ட குழாய் வாய்களைச் சுற்றிக் கலவையைக் கையாலேயே அமுக்கினார். ஜன்னலோரம் சொன்னபடி நாலடி மண்ணாகவே விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவர் வாயில் ஏதோ ராகம் ஓடிக்கொண்டிருந்தது. தபாலக்கா அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

"அவன் வந்தாச்சா?"

"இல்லண்ணா. நல்ல சரக்கா பார்த்து வாங்கப் போயிருக்கான்."

"ம்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பின்பக்கம் குழாய் போட்டிருக்கான் பாரு, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. எனக்கே ஒரு இடத்துலகூடத் திருத்தணும்னு தோணல. வந்தா சொல்லு."

 எதையும் எடுக்க வேண்டாத, எதையும் சேர்க்க வேண்டாத ஒரு சேதி. ஐந்து மாதத்தில் முதல் தடவை. அப்படியே ஒரு எழுத்து மாறாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் தம்பி வந்தான். பைக்கின் பின்னால் குழாய்க்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பிளாஸ்டிக் பை, அதில் மூன்று டீ. பைக்கை நிறுத்தியதும் நேராக உள்ளே போனான். மூன்று டீ என்று கவனித்த அவளும் பின்னாலேயே ஓடினாள்.

கூடம் சாம்பல் நிறத்தில் வழவழவென்று பளபளத்தது. அண்ணன் ஜன்னலோரத்து நாலடி மண்ணில் நின்று தளத்தின் விளிம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தம்பி வாசற்படியில் நின்றுவிட்டான்.

"இது என்ன?" என்றான்.

அவளைப் பார்த்துத்தான் கேட்டான். பழக்கம். அவள் வாயைத் திறப்பதற்குள் டீப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, நேராகவே கத்தினான்.

"இது என்னன்னு கேக்கறேன்!"

ஐந்து மாதத்துக்குப் பிறகு தம்பி அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை. ஆட்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"தளம்," என்றார் அண்ணன். "பார்த்தா தெரியல?"

"நான் சொல்லி அனுப்பினேனே! கழிவுக்குழாய் ஹாலுக்குக் குறுக்கே வரணும், ஒரு சட்டி விழக்கூடாதுன்னு!"

"யார்கிட்ட சொன்ன? எப்படிச் செஞ்சாலும் சரின்னு சொல்லிட்டு இப்ப வந்து..."

"எப்படிச் செஞ்சாலும் சரியா? நானா? தரையை உடைப்பேன்னு சொன்னேன்!"

அண்ணன் செதுக்குவதை நிறுத்தினார். தளத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தார். குறுக்கே குழாய் வர வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்பது மேஸ்திரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகம் வெளுத்தது.

"மத்தியானத்துக்குள்ள தடை ஏதாவது இருந்தா வந்து சொல்லச் சொன்னேன்," என்றார், குரல் இறங்கி.

"நிதானமா வான்னு சொன்னீங்களாம். எனக்காக இடம் விட்டு வெச்சிருக்கீங்களாம்."

"இன்னொரு கன்னம் பாக்கி இருக்குன்னு சொன்னேண்டா."

இருவரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு நடந்ததை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஈரத்தளத்தின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றுகொண்டு, ஐந்து மாதச் சேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

"எனக்கு ஜுரம் வந்தப்ப நீங்க ரொம்ப வருத்தப்பட்டீங்கன்னு அக்கா சொன்னாளே?"

"வேலையை ஏமாத்தப் படுத்துட்டான்னுதான் சொன்னேன். நீ எனக்குக் கண்ணாடி மாத்தச் சொன்னியாமே, கண்ணு கெட்டுடும்னு?"

"கண்ணு தெரியாம சுவர் கட்டறார்னு சொன்னேன்."

"அண்ணியை விட்டுச் சமாதானம் பண்ணச் சொல்லி நீ கேட்டதா..."

"இல்லவே இல்ல. நான் அப்படிச் சொல்வேனா?"

ஒவ்வொன்றும் பொய்யாகிக்கொண்டே வந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத நல்ல வார்த்தைகள் எத்தனை என்று இருவருக்கும் இன்றுதான் தெரிந்தது. அவற்றை நம்பித்தான் இத்தனை நாள் ஒரே கூடத்தில் வேலை செய்தார்கள் என்பது மட்டும் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"எல்லாமே புளுகா அக்கா?" என்றான் தம்பி. அவன் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. "காலையில போன்ல சொன்னதுமா?"

 அப்போதுதான் அந்த ஒரு சேதி நினைவுக்கு வந்தது. ஓடி வந்து பிடித்துக்கொள்ளும் வேகத்தில் சொன்னாள்.

"எல்லாமே இல்லடா. இன்னிக்கு மத்தியானம் அண்ணன் சொன்னார், நீ பின்பக்கம் போட்டிருக்கற குழாய் நூல் பிடிச்ச மாதிரி இருக்காம், ஒரு இடத்துலகூடத் திருத்தணும்னு தோணலியாம். இது சத்தியமா அவரே சொன்னது. நீங்களே சொல்லுங்கண்ணா."

தம்பி அண்ணனைப் பார்த்தான். ஆட்களும் பார்த்தார்கள். அண்ணன் கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லல," என்றார்.

தபாலக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"சொல்லலையா? சரி. நீங்க சொல்லல. அவனும் எதுவும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் அஞ்சு மாசமா துப்பினதையெல்லாம் நான்தான் துடைச்சேன். வாய் இருந்தும் பேசமாட்டீங்க, பக்கத்துல நின்னுக்கிட்டே என்னைக் கூப்பிடுவீங்க, கடைசியில புளுகினவ நானா? திட்டுக்கு நடுவுல கெடு, கேலிக்கு நடுவுல குழாய்னு சொல்லி அனுப்பினா எதை எடுப்பேன், எதை வைப்பேன்?"

"வேலை விஷயத்துல நீ ஏன் கை வெச்ச?" என்றார் அண்ணன். "திட்டினா திட்டை அப்படியே கொண்டுவந்து குடுத்திருக்கணும். அடிச்சுக்கிட்டாவது வேலையைச் சரியா பண்ணியிருப்போம்."

"ஆமாக்கா," என்றான் தம்பி. "இது ஆஸ்பத்திரி. உன் இஷ்டத்துக்கு விளையாடற இடமா?"

அண்ணன் சொல்லி அதற்குத் தம்பி ஆமாம் போட்டது கடைசியாக எப்போது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

"இனிமே நீ இந்த வேலையில எதுவும் பேச வேண்டாம்," என்றார் அண்ணன். "எங்களுக்கும் நடுவுல நிக்க வேண்டாம், வாடிக்கைக்காரங்களுக்கும் நடுவுல நிக்க வேண்டாம். வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. வாசலுக்கு மட்டும் வந்தாள். காலி சிமெண்ட் மூட்டைகளை மடித்து அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"நடுவுல மட்டும் வெட்டி குழாயைப் போட்டுட்டா?" என்றான் தம்பி.

"ஒட்டுப் போட்ட இடம் பின்னாடி விரிசல் விடும்டா. ஆஸ்பத்திரித் தரையில விரிசல்னா அழுக்கு சேரும், கிருமி சேரும். மொத்தத்தையும் எடுத்துடறதுதான் மரியாதை. இன்னும் இறுகல. காலையில கல்லாயிடும், இப்பவே ஆரம்பிச்சா வாரிடலாம்."

"ஆளுங்களைப் போகச் சொல்லாதீங்க அப்போ. ரெண்டு பேரும் ஜன்னல் பக்கத்துலேர்ந்தே வாரிக்கிட்டுப் போவோம். என் குழாயைப் பார்த்து எடுங்க."

"எனக்குத் தெரியாதா? நீ உன் இடுப்பைப் பார்த்துக்கோ, ரொம்பக் குனியாதே."

மண்வெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சட்டி சட்டியாக ஈரக் கலவை அவளைத் தாண்டி வெளியே போனது. காலையில் உள்ளே போன அதே சட்டிகள். தூக்கிக்கொண்டு போன பெண் ஒருத்தி, "என்னக்கா, இப்படி ஆயிடுச்சு," என்று நிற்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து அதட்டல் வந்ததும் நடந்துவிட்டாள். வாசற்படியில் மூன்று டீயும் பிளாஸ்டிக் பையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அவள் போன் அடித்தது. டாக்டரம்மா.

"ஏங்க, உங்களைத் தொந்தரவு பண்றேன். காலையில சொன்னது வேண்டாம்."

"என்ன டாக்டர்?"

"மிஷின்காரர் இப்பதான் கூப்பிட்டார். ஜன்னல் பக்கம் போடவே கூடாதாம், வெயில் பட்டா மிஷின் கெட்டுடுமாம். பழையபடி பின்சுவர் ஓரமாவே இருக்கட்டும். உங்க தம்பி போட்ட குழாயே போதும். அந்த ஜன்னல் பக்கம் எனக்கு வெறும் நடைபாதைதான். தளம் போட்டாச்சா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் தளம் இன்னும் அப்படியே இருந்தது. பின்சுவர் ஓரம் குழாய்களைச் சுற்றி அண்ணன் கையால் அமுக்கிய இடம்கூட இன்னும் கலையவில்லை.

"போட்டாச்சு டாக்டர்."

"அப்பாடா. நல்ல வேளை. நாளைக்கு காலையில நான் மிஷின்காரரையும் கூட்டிக்கிட்டு நேர்ல வந்து பார்த்துடறேன். உங்க அண்ணன்கிட்டயும் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க."

அவள் எழுந்து கூடத்து வாசலுக்குப் போனாள். இதைச் சொல்ல நாலு வார்த்தை போதும், சர்க்கரை தடவ வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே தம்பி குனிந்து வாரிக் கொடுக்க, அண்ணன் வாங்கிக்கொண்டிருந்தார். இருவர் முழங்காலிலும் ஒரே சாம்பல்.

"அண்ணா, டாக்டரம்மா..."

"உன்னைத்தான் பேச வேண்டாம்னு சொன்னேனில்ல?" அண்ணன் திரும்பவே இல்லை.

"போக்கா," என்றான் தம்பி. "எதுவா இருந்தாலும் நாங்களே அவங்ககிட்ட பேசிக்கறோம்."

நாங்கள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ஐந்து மாதம் அத்தனை வசவையும் விழுங்கினாள். வந்தேவிட்டது, அவளை வெளியில் விட்டுவிட்டு வந்தது. இப்போது வாயைத் திறந்தால் மண்வெட்டி நிற்கும், தளம் பிழைக்கும். கூடவே, வீணாய்ப் போன பாதித் தளம் யாருடைய தப்பு என்று மறுபடி ஒன்று கிளம்பும். அதற்கும் அவள்தான் நடுவில் நிற்க வேண்டும். இவர்களுக்காக இனி எதற்கு நிற்பது என்றும் தோன்றியது, அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

"சரி," என்றாள். அதை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்து மூட்டைகள் மீது உட்கார்ந்தாள். இன்னொரு சட்டி அவளைத் தாண்டிப் போனது. உள்ளே அண்ணன் ஏதோ சொல்ல, தம்பி சிரித்தான். நாளைக் காலையில் டாக்டரம்மா மிஷின்காரரோடு வருகிறார் என்பதையும் அவள் சொல்லவில்லை.